அம்மா காசில் இருந்த சொல்

அம்மாவின் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு வெள்ளிக்காசு தொங்கும். தாய்வழியில் வந்தது. ஒரு பக்கம் கூந்தலை விரித்துவிட்ட பெண்முகம், சுற்றிலும் நட்சத்திரங்கள். மறுபக்கம் சிறகு விரித்த பறவை. மாரியம்மனும் கருடனும் என்றுதான் வீட்டில் நம்பினார்கள். வெள்ளிக்கிழமைதோறும் புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்தே கூந்தலின் இழைகள் பாதி அழிந்துவிட்டன.

முகத்துக்கு மேலே இருந்த எழுத்துகளை எங்கள் வீட்டில் முதலில் வாசித்தவள் நான். லிபர்ட்டி. போனில் தேடிப் பார்த்தேன். அமெரிக்காவின் ஆரம்பகால வெள்ளி டொலரில் இதே முகம், இதே பறவை. அபூர்வமானதாம்.

"விடுதலைன்னு எழுதியிருக்கும்மா."

"அப்ப இந்தம்மா பிரட்டுக்குப் போக வேணாமாக்கும்," என்றார் அம்மா. விடிவதற்குள் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்துவிட்டு ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர் அவர்.

காசில் ஒட்டியிருந்த வளையம் போன மாதம் உடைந்தது. பற்றவைக்க எஹலியகொடையில் ஒரு நகைக்கடைக்குப் போனோம். கடைக்காரர் கண்ணாடி வைத்துப் பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்தவரிடம் சிங்களத்தில் சொன்னார்: "பங்களாவென் உஸ்ஸன்ன எத்தி."

தோட்டத்துத் துரையின் பங்களாவில் தூக்கியிருப்பார்களாம். தோட்டத்து லயக் குடியிருப்புக்காரிகளுக்குச் சிங்களம் புரியாது என்ற நினைப்பு.

"நே. மேக்க அம்மாகே," என்றேன். இல்லை, இது அம்மாவுடையது.

அவர் சிரித்தார். "பகிடிக்குச் சொன்னேன் தங்கச்சி. பழைய ராணி காசு. வச்சிட்டுப் போங்க, பார்த்துச் சொல்றேன்."

"சரிங்கய்யா," என்று அம்மா தலையாட்டியதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. திருடி என்றவனுக்கு ஐயாவா?

"இது ராணி இல்லைங்க. ராசா தலையே வேணாம்னு அமெரிக்காக்காரங்க போட்ட முகம். குடுங்க," என்று கையை நீட்டினேன். நீட்டிய கையை மடக்கவில்லை. அவர் காசைக் கண்ணாடி மேசைமேல் தள்ளிவிட்டார்.

அந்தச் சொல்லை அச்சடித்த நாட்டில் அப்போது அடிமைகள் இருந்தார்கள். அதையும் வாசித்திருக்கிறேன். காசில் போடுவது சுலபம்.

பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "வாய் குடுத்து என்னா கண்ட? வளையமும் ஒட்டல."

வீட்டுக்கு வந்ததும், பால் சிரட்டையை மரத்தில் கட்டும் கம்பியில் ஒரு துண்டை நறுக்கிக் காசைச் சுற்றினார்.

"எழுத்து மேல படாமக் கட்டும்மா."

"மூஞ்சி மேல படாமப் பார்த்துக்கிறேன். எழுத்து ஒன் பாடு."

கம்பியின் ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன்.