நிறத்துக்குக் கட்டம் இல்லை

கெங்கம்மாள் திருவள்ளூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் பதினெட்டு வருஷம் ஆயாவாக இருந்தாள். 1960-ல் சேர்ந்த அன்றே, டாக்டர் வார்டுக்குள் வந்தால் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஆயா நர்ஸிடம் சொல்லலாம், நர்ஸ் எழுதுவாள், டாக்டர் படிப்பார். ஏற்பாடு என்னவோ நன்றாகத்தான் இருந்தது.

காலையில் பெட்பேன் எடுத்து முடித்ததும், கெங்கம்மாள் ஒவ்வொரு கட்டிலுக்கும் எதிரே நின்று விரலைக் காட்டுவாள். ஒரு விரல் என்றால் ஒரு தரம் மலம் போயிருக்கிறது. நர்ஸ் கிரேஸ் அந்தக் கட்டிலின் சார்ட்டில் அதற்கான கட்டத்தில் ஒன்று என்று போடுவாள். நிறத்துக்குக் கட்டம் கிடையாது.

அறுபத்தெட்டில் திருப்பாச்சூரிலிருந்து லட்சுமியம்மாள் வந்து படுத்தாள். முடக்குவாதத்தில் மணிக்கட்டும் விரல் கணுக்களும் வீங்கி, சோற்றைப் பிசையக்கூட முடியவில்லை. டாக்டர் ஸம்பத்குமார் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு ஆஸ்பிரின் எழுதினார். வலி கொஞ்சம் விட்டது. பத்தாம் நாள் மலம் தார் மாதிரி கறுத்தது. எழுந்தால் தலை சுற்றியது. பார்த்தவள் கெங்கம்மாள் ஒருத்திதான். இப்படிக் கறுப்பாகப் போன ஒரு பெரியவர் நாலே நாளில் செத்ததையும் அவள் பார்த்திருந்தாள்.

டாக்டர் தினமும் எப்படி இருக்கிறது என்று கேட்கத்தான் கேட்டார். லட்சுமியம்மாள் தினமும் தேவலை என்றாள். கெங்கம்மாளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஏன் உள்ளதைச் சொல்லவில்லை என்று கேட்டாள்.

"கைராசிக்கார டாக்டரு. அவரு மருந்து ஒத்துக்கலன்னு மூஞ்சிக்கு நேரா எப்டிமா சொல்றது? அதுவும் வெளிக்கிப் போற சமாச்சாரம்."

கெங்கம்மாள் கிரேஸிடம் சொன்னாள். கிரேஸ் கெட்டவள் இல்லை. நாற்பது கட்டிலுக்கு ஒருத்தி. அப்புறம் சொல்கிறேன் என்றாள், மறந்துபோனாள். மறுநாள் டாக்டர், குணம் தெரிகிறது, சனிக்கிழமை வீட்டுக்குப் போகலாம், இதே மாத்திரையை இன்னும் ஒரு மாசம் சாப்பிடட்டும் என்று எழுதினார்.

வெள்ளிக்கிழமை காலை கெங்கம்மாள் அந்தப் பெட்பேனைக் கழுவவில்லை. டாக்டர் வந்து நின்றதும் அவர் காலடியில் வைத்து மூடியை எடுத்தாள்.

"இத்த ஒரு தபா பாத்துடுங்க சார். அந்தம்மா சொல்லமாட்டாங்க. எனக்கு எய்தத் தெரியாது."

டாக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு கத்தினார். கத்திக்கொண்டே குனிந்து பார்த்தவர் பாதியில் நிறுத்தினார். மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கி உள்ளே ரத்தம் கசிந்திருந்தது; அன்றே அது நின்றது. இரண்டு பாட்டில் ரத்தம் ஏறியது. லட்சுமியம்மாள் பிழைத்தாள்.

வார்டில் ஒழுங்கு மீறியதாகக் கெங்கம்மாளுக்கு மெமோ வந்தது. படித்துக் காட்டியது கிரேஸ்தான்; டாக்டரிடம் சொல்ல மறந்த வெட்கத்தில் அவளால் நிமிர முடியவில்லை. மறுநாள் கிரேஸ் சார்ட்டில் அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு இழுத்து, மேலே நிறம் என்று எழுதினாள்.

எழுபத்தெட்டில் கெங்கம்மாளுக்கே விரல் கணுக்கள் வீங்கின. வார்டில் ஒரு விரலை நீட்டிக் காட்டவும் முடியாமல் போயிற்று. புதிதாக வந்த சின்ன டாக்டர் மாத்திரை கொடுத்தார். அடுத்த வாரம் கூப்பிட்டு, எப்படி இருக்கிறது என்று கேட்டார். கெங்கம்மாள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"தேவல சார்."

டாக்டர் சீட்டில் எழுதப் போனார். பின்னால் நின்றிருந்த கிரேஸ் முன்னால் வந்து, அந்தக் கையை மெதுவாக வெளியே எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"இதப் பாருங்க டாக்டர். இவங்க சொல்லமாட்டாங்க."