ஹெல்மெட் கழற்றாதவர்

சென்ற ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை, செவ்வாய்ப்பேட்டையில் மனநல ஆலோசகரைப் பார்க்கக் காத்திருந்தபோது அவர் என் பக்கத்தில் இருந்தார். வெயிலில் கறுத்த, உயரமான விவசாயி. மின்விசிறிக்கு அடியிலும் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

“மகளுக்குச் சம்பந்தம் பேசிட்டிருக்கோமுங்க. சொந்தக்காரன் எவனாச்சும் என்னை இங்க பாத்தான்னா போச்சு,” என்றார். அவர் சரியாகத் தூங்கி ஒரு மாதமாகிறதாம்.

ஆலோசகர் இன்று வரமாட்டார், வீடியோவில்தான் பேசுவார் என்று வரவேற்பிலிருந்த பெண் சொன்னாள். “வீட்டுல இருந்தே பேசலாம் சார், அலைச்சல் மிச்சம்.”

“ஊட்டுல பேச முடிஞ்சா அத்தன தூரம் மோகனூர்ல இருந்து நான் ஏம்மா வாரேன்? அந்த ரூமைத் தொறந்து உடு சாமி, உள்ள உக்காந்து பேசிக்கறேன்.”

“மேடம் இல்லாம திறக்கக் கூடாது சார்.”

நானும் கேட்டேன். பயனில்லை.

வெளியே பைக்கருகில் நின்றபோதே அவருக்கு ஆலோசகரின் அழைப்பு வந்தது. ஆட்டோக்களுக்கும் மூட்டை இறக்குபவர்களுக்கும் நடுவே, வீடியோவை அணைத்துவிட்டு, போனை ஹெல்மெட்டுக்குள் செருகிக்கொண்டு கத்தினார்: “நல்லா இருக்கேனுங்க! தூக்கமெல்லாம் நல்லா வருதுங்க!”

நான் தனியாக வாழ்பவன். எனக்கு வீடியோதான் வசதி. மாலையில் வீட்டிலிருந்தே பேச என் முறை வந்ததும், அந்த விவசாயி தூங்கவில்லை என்று ஆலோசகரிடம் சொன்னேன்.

“இன்னொருத்தர் விஷயத்தை நாம பேசக் கூடாது சார்,” என்றார்.

அதன்பின் வந்த செவ்வாய்க்கிழமைகளில் நான் நேரிலேயே போனேன். ஹெல்மெட்காரர் வரவில்லை.