ஒரு துண்டு குறைந்த பெட்டி

மழை நாளில் டிப்ஸ் கூடுதலாக விழும். நனைந்து நிற்கிறவனைப் பார்த்தால் ஆட்களுக்கு மனம் இளகும் போல. அதனால் மழைக்கோட்டுப் போடாமலே ஓடுவேன். பிஸ்ஸா நனையாது, அதற்கு ரெக்சீன் பை இருக்கிறது. நான் நனைந்தால் போதும். காய்ச்சல் வந்தால் என்ன செய்வது, படுத்துவிட்டால் யார் பார்ப்பது என்று யோசித்துக்கொண்டேதான் நனைவேன். யோசிக்காமல் ஒரு வேலையும் எனக்குச் செய்ய வராது.

பகலில் சம்மாந்துறையில் ஓர் அரிசி ஆலையில் மூட்டை தூக்கினேன். பின்னேரம் அஸர் தொழுத பிறகு கல்முனையில் ஒரு பிஸ்ஸாக் கடையின் டெலிவரி. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவனுக்கு இந்த இரண்டும்தான் அகப்பட்டன. ஆலைச் சம்பளம் வீட்டுச் செலவோடு போய்விடும். கடைச் சம்பளம் மாத முடிவில். அன்றன்றைக்குக் கையில் நிற்பது டிப்ஸ் மட்டும்.

அன்று காலையிலிருந்தே மகளுக்கு மூச்சு இழுப்பு. வாயில் வைத்து அடிக்கிற பம்ப் முடிந்துபோயிருந்தது. ஆஸ்பத்திரியில் ஸ்டொக் இல்லை, வெளியில் வாங்குங்கள் என்று சொல்லிவிட்டார்கள். ஆலைத் தூசியை நான்தான் உடம்பில் சுமந்துபோய் அவளுக்குக் கொடுக்கிறேனோ என்று எனக்கு எப்போதும் ஒரு பயம். வாசலிலேயே சட்டையைக் கழற்றிப்போட்டு, கிணற்றடியில் குளித்துவிட்டுத்தான் அவளைத் தூக்குவேன். அப்படியும் இழுக்கிறது.

பொழுது சாய்ந்து, மஃரிபுக்குக் கொஞ்சம் முந்தி மனைவி போனில் கோல் எடுத்தாள்.

"பார்மசி பூட்டுறதுக்குள்ள எப்பிடியாவது வாங்கிட்டு வாங்க. புள்ள படுக்கிறாளில்ல. குந்திக்கிட்டே மூச்சு எடுக்கிறாள்."

கையில் இருந்தது பம்பின் பாதி விலைகூட வராது. முதலாளியிடம் கேட்க வாய் வரவில்லை. போன கிழமைதான் ஒரு பெட்டி நசுங்கிப் போனதற்கு, "இன்னொரு கம்ப்ளெயின் வந்தா நீ வீட்டிலேயே இரு" என்று எச்சரித்திருந்தார். அந்த நேரத்தில்தான் ஒரு பெரிய பெட்டியைத் தூக்கி என் கையில் தந்தார்.

"பிறந்தநாள் ஊடுடா. கட்டாரில இருந்து லீவில வந்த ஆள். காசு பேங்கில போட்டுட்டாரு. நீ சூட்டோட குடுத்திட்டு வந்தாச் சரி."

கட்டார்க்காரர், பிறந்தநாள், மழை. மூன்றும் சேர்ந்தால் டிப்ஸ் பம்புக்குப் போதும் என்று எனக்குள் ஒரு கணக்கு ஓடியது.

போகிற வழியில் பார்த்தால் பில்லை வெளிப்பையில் வைத்திருக்கிறேன். மழையில் ஊறி, வீடு இருக்கிற ஒழுங்கையின் பெயர் அழிந்துவிட்டது. ஆளின் பெயரும் போன் நம்பரும்தான் தெரிந்தன. அடித்தேன், எடுக்கவில்லை. திரும்பவும் அடித்தேன். பிஸ்ஸா ஆறுகிறது. பார்மசி பூட்டப்போகிறது. ஒரு தேத்தண்ணிக் கடையில் நிறுத்தி, பெயரைச் சொல்லி, கட்டாரில் இருந்து வந்தவரின் வீடு எது என்று கேட்டேன்.

"பள்ளிவாசலுக்குப் பின்னால, நீலக் கேட்டு" என்றார் வடை போட்டுக்கொண்டிருந்த கடைக்காரக் காக்கா.

அங்கேதான் பிழை நடந்தது. எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்த ஆண் இருப்பது மனைவியின் வீட்டில். அவன் பெயரைச் சொல்லி வீடு கேட்டால், ஊரார் அவன் பிறந்த வீட்டைத்தான் காட்டுவார்கள். யாருடைய மருமகன் என்று கேட்க வேண்டும். இதைச் சொல்லித்தர எனக்கு ஆள் தேவையில்லை. நானே என் மாமி வீட்டில் இருக்கிறவன். ஆனால் அந்த நேரம் என் தலைக்குள் பார்மசியின் கதவு ஒன்றுதான் இருந்தது.

நீலக் கேட்டைத் திறந்தது வயதான ஓர் உம்மா. முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு பெட்டியைப் பார்த்தா.

"ஆரு அனுப்பின, மகன்?"

பெயரைச் சொன்னேன்.

"என்ட மகனா!" இரண்டு கையாலும் வாங்கினா. "லீவில வந்து இஞ்சால எட்டிப் பாக்கல்லியே எண்டு இப்பதான் நினைச்சன். என்னையும் நினைச்சிரிக்கான் பாருங்க."

பிறந்தநாள் வீட்டில் ஏன் சத்தமில்லை, ஏன் ஒற்றை லைட் எரிகிறது என்று நான் யோசித்திருக்க வேண்டும். தேவையில்லாததற்கெல்லாம் யோசிக்கிறவன், அதற்கு மட்டும் யோசிக்கவில்லை. உள்ளே போய் ஒரு ஐம்பது ரூபாயைக் கொண்டுவந்து, "மழைக்குள்ள வந்தீங்க, வெச்சிக்கோங்க" என்று தந்தா. ஐம்பதுதானா என்று என் மனம் வாடியது.

சந்திக்குக்கூட வந்து சேரவில்லை, போன் அடித்தது. கட்டார்க்காரர்.

"தம்பி, எங்க நிக்கிறீங்க? புள்ளையள் பாத்துக்கிட்டு இரிக்கி."

"குடுத்திட்டனே காக்கா. உங்கட உம்மாட ஊட்ட..."

பிள்ளைகளின் சத்தத்திலிருந்து அவர் விலகிப் போவது கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆரு உன்னை அங்க போகச் சொன்ன? போய் எடுத்திட்டு வா" என்று சொல்லி, மாமனாரின் பெயரையும் வீட்டையும் சொன்னார்.

திரும்பிப் போனேன். அந்த உம்மா கதவைக்கூடச் சாத்தவில்லை. பீங்கான் தட்டில் ஒரு துண்டை வைத்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்திருந்தா. நுனியில் ஒரு கடி கடித்திருந்தது.

"உம்மா, பிழை நடந்துட்டு. இது மருமகள் ஊட்டுக்குப் போற பெட்டி."

என் முகத்தைப் பார்த்தா. வாயில் இருந்ததை மெதுவாக விழுங்கினா.

"ஓம், நானும் யோசிச்சன்தான்" என்றா. "கடிச்சிட்டன் மகன். கடிச்சதத் திருப்பி வெக்கேலாதே."

மூடியை அமத்தி, பெட்டியின் மேல் விழுந்திருந்த தண்ணியை முந்தானையால் துடைத்துத் தந்தா. ஐம்பது ரூபாயை நீட்டினேன்.

"அது நீங்க நனைஞ்சதுக்குத் தந்தது. பிஸ்ஸாக்கு இல்ல."

மருமகள் வீடு இரண்டு தட்டு மாடி. வாசலில் பலூன், உள்ளே ஆட்கள். கட்டார்க்காரரின் மாமி வாசலிலேயே பெட்டியை வாங்கித் திறந்தா. ஒரு துண்டு இருந்த இடம் பல் விழுந்த வாய் மாதிரித் தெரிந்தது.

"என்னகா இது! ஒரு துண்டக் காணல்ல. ஆரு திண்ட?"

ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். பின்னால் வந்து நின்ற கட்டார்க்காரர் பெட்டியைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. என்னையும் பார்த்தார். பிறகு மாமியின் பக்கம் திரும்பிச் சொன்னார்:

"இவன்தான் வழியில திண்டிரிப்பான் மாமி."

"பசிச்சாக் கேட்டாத் தரமாட்டமா? களவெடுத்துத் திங்கணுமா?" என்றா மாமி. உள்ளே யாரோ சிரித்தார்கள். "சீஸ் வாயில ஒட்டியிரிக்கிதா பாருங்கடா" என்று ஒரு குரல்.

எனக்கு ஒரு வசனம் சொன்னால் போதும். இவரின் உம்மாதான் திண்டா என்று. அந்த உம்மாவுக்காக வாயை மூடினேன் என்று எழுத ஆசைதான். ஆனால் உண்மை அதில்லை. வேலை போய்விடும் என்ற பயம், அவ்வளவுதான்.

கேட்டடிக்குக் கட்டார்க்காரர் என் பின்னாலே வந்தார். என் உள்ளங்கையில் ஒரு நோட்டை வைத்து விரல்களை மடக்கினார். ஐயாயிரம்.

"உம்மாட கதைய ஆருக்கிட்டயும் எடுக்காத. கடைக்கு நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

நான் பைக்கை உதைத்தேன். அவர் போகவில்லை.

"உம்மா திண்டாவா?"

"ஒரு கடி."

மழைக்குள் அப்படியே நின்றார். நான் போய்விட்டேன்.

பார்மசிக்காரர் பாதிக் கதவை இறக்கியிருந்தார். குனிந்து உள்ளே போய்ப் பம்பை வாங்கினேன். மிச்சக் காசை எண்ணக்கூட இல்லை, பைக்குள் திணித்தேன். அப்போது முதலாளி போனில் வந்தார். கட்டார்க்காரரின் மாமி கடைக்குக் கோல் எடுத்திருக்கிறா.

"டேய், உண்மையச் சொல்லு. நீ திண்டியா?"

ஒரு கையில் பம்ப், மறு கையில் போன். அந்தப் பம்ப் எந்தக் காசில் வந்தது என்று எனக்குத் தெரியும்.

"ஓம் முதலாளி."

அவர் ஏசுவார் என்று தோளைச் சுருக்கிக்கொண்டு நின்றேன். ஏசவில்லை.

"பசிச்சா எனக்கிட்டக் கேட்டிரிக்கலாமேடா" என்றார். பிறகு, "நாளைக்கு வராத. அந்தப் பையக் கொண்டுவந்து வெச்சிட்டுப் போ."

வீட்டில் மகள் கட்டிலின் நடுவில் குந்தியிருந்தாள். தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கின. குளிக்கக்கூட நிற்காமல், பம்பைக் குலுக்கி வாயில் வைத்து அடித்தேன். ஒரு தரம், இன்னொரு தரம். அவளோடு சேர்ந்து நானும் மூச்சைப் பிடித்து வைத்திருந்தேன். கொஞ்சம் கொஞ்சமாகத் தோள் இறங்கியது. என் சட்டையை மணந்து பார்த்தாள்.

"வாப்பா, பிஸ்ஸா திண்டீங்களா?"

"இல்ல மகள்."

மனைவி என் நனைந்த சட்டைப் பையிலிருந்து நோட்டுகளை எடுத்து ஒவ்வொன்றாக மேசையில் விரித்தாள். அந்த உம்மாவின் ஐம்பதும் அதற்குள் இருந்தது.

"இவ்வளவும் டிப்ஸா?" என்றாள். கனநாளைக்குப் பிறகு அவள் முகத்தில் ஒரு சிரிப்பு. "நாளைக்கும் மழை பெய்ஞ்சா நல்லம்."

"ஓம்" என்றேன்.