முப்பத்தெட்டை நாற்பத்திரண்டாக்கிய கத்தரிக்கோல்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இயற்கை எத்தனையோ ஆயிரம் தலைமுறை உட்கார்ந்து ஒட்டியதை, ஒரே பிற்பகலில் கத்தரிக்கோலால் பிரித்துப் போட்ட முட்டாள் நான்தான். அதுவும் கை நடுங்காமல், வெகு நேர்த்தியாக. போதாக்குறைக்கு, பிரமாதமான வேலை செய்துவிட்ட திருப்தியில் கேன்டீனுக்குப் போய் இரண்டு மசால் வடை வேறு தின்றேன்.

கல்யாண போட்டோவிலிருந்து எலிக்கு

எழுபதுகளின் நடுவில் தி.நகரில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் டச்சப் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளையின் மாறுகண்ணை நேராக்குவது, படம் எடுக்கும்போது கண்ணை மூடிவிட்ட மாமனாருக்கு வேறு படத்திலிருந்து கண் எடுத்து ஒட்டுவது, இதெல்லாம் என் கைவரிசை. படம் சரியில்லையா, சரிபண்ணு, யாரிடமும் சொல்லாதே. ஸ்டுடியோவில் நான் படித்த பாடம் அவ்வளவுதான். அந்தப் புத்தியோடுதான் அடையாறு பக்கம் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் போட்டோ உதவியாளனாகச் சேர்ந்தேன்.

அங்கே வைதேகி மேடம் எலிகளின் குரோமோசோம்களை ஒப்பிட்டு டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். மயிலாப்பூர்க்காரர். என்னைவிட நாலைந்து வயது சின்னவர். முதல் நாளே கேட்டேன்: "குரோமோசோம்னா என்ன மேடம்?"

"ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் இருக்கற நூல் துண்டு. பரம்பரைச் சொத்தெல்லாம் அதுலதான் இருக்கு. ஒவ்வொரு பிராணிக்கும் இத்தனைன்னு கணக்கு உண்டு. ரெண்டு பிராணியோடதைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தா, யாருக்கு யார் பங்காளி, எப்படிப் பிரிஞ்சான்னு தெரியும்."

"எங்க குடும்பத்துல அதுக்குக் கோர்ட்டுக்குப் போகணும் மேடம்" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

வேலை இதுதான். எலியின் தொடை எலும்பு மஜ்ஜையைப் பக்குவம் செய்து, கண்ணாடி ஸ்லைடில் சொட்டவிட்டு, ஜீம்சா சாயம் ஏற்றுவார் மேடம். ஒவ்வொரு குரோமோசோமின் குறுக்கேயும் வரிவரியாகக் கோடுகள் தெரியும். மைக்ராஸ்கோப் வழியாக நான் போட்டோ எடுத்து, பெரிய பிரின்ட் போட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனியாக வெட்டி, நீளமும் வரியும் பார்த்து ஜோடி சேர்த்து அட்டையில் ஒட்டவேண்டும். ஒட்டி முடியும்வரை ஃபேன் போடக்கூடாது. மே மாதத்திலும் கூடாது. சில சமயம் ஸ்லைடில் இரண்டு குரோமோசோம்கள் முட்டிக்கொண்டு விழுந்திருக்கும். "அப்படி இருந்தா பிரிச்சு வெட்டிடுங்கோ" என்று மேடமே சொல்லிக்கொடுத்தார். நான் கெட்டுப்போக அது போதாதா?

நாலு குறைகிறது

ஆராய்ச்சிக்கூடத்து வெள்ளை எலிக்கு நாற்பத்திரண்டு குரோமோசோம். அதன் அட்டையை ஒட்டி முடித்தாயிற்று. அடுத்தது நம் ஊர் வீட்டெலி. அதற்கும் நாற்பத்திரண்டுதான் என்று மேடத்தின் மேசையில் இருந்த புத்தகம் சொன்னது. நான் வெட்டி எண்ணினால் முப்பத்தெட்டு.

மேசைக்கு அடியில் தவழ்ந்து தேடினேன். ஒரு சட்டைப் பொத்தான் கிடைத்தது. எலி பிடித்துக் கொடுக்கும் சிந்தாதிரிப்பேட்டை கன்னியப்பனைக்கூடக் கேட்டுப் பார்த்தேன்.

"ஏம்ப்பா, நீ குடுத்தது முழு எலிதானா? ஏதோ குறையுது."

"இன்னா நைனா கொறையுது? காது ரெண்டு கீது, வாலு ஒண்ணு கீது. நீயே எண்ணிக்கோ."

மறுபடி படத்தைப் பார்த்தபோதுதான் 'பிடிபட்டது'. நாலு குரோமோசோம்கள் மட்டும் பெரிதாக, நடுவில் இடுப்பு சிறுத்து இருந்தன. ஓகோ, முட்டிக்கொண்ட ஜோடிகள்! நாலையும் இடுப்பில் வெட்டினேன். எட்டு ஆயின. மொத்தம் நாற்பத்திரண்டு. அடுத்தடுத்த படங்களிலும் அப்படியே செய்தேன். வடை தின்றது அன்றுதான்.

யார் கண்ணில் தப்பு?

மேடம் தாமே மைக்ராஸ்கோப்பில் எண்ணிப் பார்த்தார். முப்பத்தெட்டு. என் அட்டையில் நாற்பத்திரண்டு. திரும்ப எண்ணினார். மூன்று நாள் எண்ணினார். துறைத் தலைவர் வந்து என் அட்டையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"என்னம்மா இது? ஸ்டுடியோவுலேருந்து வந்தவர் கரெக்டா எண்ணிட்டார், உனக்கு எண்ண வரலையா? வெள்ளிக்கிழமைக்குள்ள ரெண்டு நம்பரும் ஒத்துப்போகலைன்னா இந்த டாபிக்கை விட்டுடு. ஏதாவது காலேஜ்ல லெக்சரர் வேலை பாரு."

அவர் போனபின் மேடம் என்னிடம் சொன்னார்: "ஆத்துல ஏற்கெனவே, மூணு வருஷம் எலியைக் கட்டிண்டு அழுதது போதும்னு சொல்லிண்டிருக்கா. என் கண்ணையே நம்ப முடியலை, மாணிக்கம். உங்க நாற்பத்திரண்டையே எழுதிடறேன்."

சொன்னால் என் வேலை போகும். சொல்லாவிட்டால் அவருடைய மூன்று வருஷம் போகும். ஸ்டுடியோ புத்தி வாயைப் பொத்தியது. ஒரு காபி நேரம் தாக்குப்பிடித்தேன்.

"மேடம், உங்க கண்ணுல தப்பில்லை. என் கையிலதான்."

எல்லாவற்றையும் கொட்டினேன். திட்டுக்குக் காத்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

"எல்லாப் படத்துலயும் அதே நாலுதான் ஒட்டிண்டிருந்துதா?"

"ஆமா மேடம். சொல்லி வச்ச மாதிரி அதே நாலு."

"தற்செயலா முட்டிண்டா தடவைக்குத் தடவை வேற வேற ஜோடின்னா முட்டிண்டிருக்கணும்?"

சொல்லிக்கொண்டே வெள்ளை எலியின் அட்டையை இழுத்தார். நான் வெட்டிய பாதிகளை பிளேடால் நெம்பி எடுத்து, ஒவ்வொன்றாக அதன் பக்கத்தில் வைத்தார். வரிக்கு வரி பொருந்தியது. மேடம் நாற்காலியில் சாய்ந்தார்.

"இது நம்ம ஸ்லைடுல ஒட்டலை. இந்த எலியோட முப்பாட்டன் காலத்துலயே ஒட்டியாச்சு. பங்காளிகள் பிரிஞ்சப்புறம், இவா ஆத்துல மட்டும் ரெண்டு ரெண்டா சேர்ந்துடுத்து."

கன்னியப்பனிடம் வேறு பேட்டை எலிகள் வாங்கி, வெட்டாத புதுப் படங்கள் போட்டோம். வெள்ளிக்கிழமை தலைவர் தாமே மைக்ராஸ்கோப்பில் எண்ணினார். முப்பத்தெட்டு. இரண்டாவது ஸ்லைடு, முப்பத்தெட்டு. "கன்டின்யூ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வேறு தேசங்களில் சிலர் இதை முன்பே பார்த்திருக்கிறார்கள் என்று பிற்பாடு தெரிந்தது. அதனால் என்ன, எங்கள் பேட்டை எலியை விசாரித்தவர்கள் நாங்கள்தானே.

இந்த வேலைக்கு இப்போது வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். எண்ணியது புத்தகத்தோடு ஒத்துப்போகாவிட்டால் எதையும் சரிபண்ணாதீர்கள். பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

வேலை போகவில்லை என்று தெரிந்ததும் எனக்குத் துளிர் விட்டுவிட்டது. ஆய்வேடு டைப் ஆகிக்கொண்டிருந்தபோது மெல்லக் கேட்டேன்: "மேடம், ரெண்டாப் பிரிச்சுக் காட்டினது நான்தானே. நன்றிப் பக்கத்துல என் பேரும் வருமா?"

மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் மேடம் சொன்னார்:

"எலியே கேக்கலை."