அம்பெர்க்கி கழுவிய தாழி

தாழிக்குள் இறங்குமுன் அம்பெர்க்கி தொப்பையை உள்ளே இழுத்துக்கொள்வார். அது அடங்காவிட்டால் இரண்டு திட்டும் விழும். வாய்வரை மண்ணில் புதைந்த ஒயின் தாழிகள் அவை. செர்ரி மரப்பட்டைத் தூரிகையால் உள்ளே தேய்த்துக்கொண்டே பாடுவார். பாட்டு திரும்பிவரும் விதத்திலேயே தாழியின் யோக்கியதை தெரிந்துவிடுமாம்.

எங்கள் கஹேதிப் பக்கத்து மடத்தில், கடைசியாக அலசிய தண்ணீரைக் கோப்பையில் மொண்டு அவர் மேலே நீட்டுவார். மடத்தின் தலைவர் இலாரியோன் சாமி அதைக் குடித்தால்தான் தாழி சுத்தம் என்று அர்த்தம்.

மூன்று வருடம் முன்பு பழைய நிலவறையில் ஒரு தாழி கிடைத்தது. அதில் ஊற்றிய ஒயின் மட்டும் ஒவ்வொரு வருடமும் காடியாகிப் போனது. சாமி அம்பெர்க்கி கையால் கோப்பையை வாங்குவதையே நிறுத்திவிட்டார். "இந்த வருஷமும் புளிச்சா வேற ஆள் பாத்துக்குவேன்" என்றும் சொல்லிவிட்டார். முப்பது வருடமாகத் தாழி கழுவுகிற மனிதருக்கு இதைவிட என்ன அவமானம் வேண்டும்?

"கோளாறு அடியில சாமி. இதுல மட்டும் பாட்டு மேல வர மாட்டேங்குது, கீழ போய் உக்காந்துக்குது" என்பார் அம்பெர்க்கி.

"உங்க குரலக் கேட்டா நானும்தான் உக்காந்துடுவேன்" என்றேன், தாழிக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுக்கும் நான். எல்லோரும் சிரித்தோம்.

இந்தக் கோடையில் மடத்து மதிலோரம் அகழாய்வுக்கு வந்த லாமாராவை அவர் விடவில்லை. "ஒரே ஒரு தட்டு தட்டிப் பாருங்க மேடம். ஒண்ணுமில்லேன்னா தூரிகையத் தூக்கிப் போட்டுடறேன்."

லாமாரா இறங்கித் தட்டினார். விளக்கு கேட்டார். பிறகு உளி கேட்டார். சுண்ணாம்பு பூசிய பொய்த்தளத்துக்குக் கீழே வெள்ளிக் கிண்ணம், கல் பதித்த சிலுவை, மட்கிய தோல்பையில் நாணயங்கள்! எழுநூறு வருடம் முன்பு, படை வருகிறதென்று யாரோ ஒரு துறவி ஒளித்து வைத்தவை. மணி அடித்தார்கள். ஊரே ரொட்டியும் பாலாடைக்கட்டியுமாக ஓடி வந்தது. நான் ஆடிய ஆட்டத்தில் செருப்பு அறுந்தது.

அம்பெர்க்கி வெள்ளியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அது கெடக்கட்டும் மேடம். ஒயின் ஏன் புளிச்சுது? அதச் சொல்லுங்க."

"பூசின தளத்துல விரிசல். ஒயின் கீழ எறங்கித் தேங்கியிருக்கு. கழுவினவர் மேல தப்பே இல்ல."

"இன்னும் கொஞ்சம் சத்தமா!"

லாமாரா கத்தியே சொன்னார்.

மறுவாரம், பொய்த்தளம் நீங்கிய தாழிக்குள் அம்பெர்க்கி மறுபடி இறங்கினார். பாட்டு கணீரென்று மேலே வந்தது. அப்புறம் தாழி வாயில் ஒரு ஈரக்கை மட்டும் தெரிந்தது, கோப்பையோடு.

சாமி வாங்கினார். ஒரே மடக்கில் குடித்துவிட்டு, காலிக் கோப்பையை இன்னொரு முறை உள்ளே நீட்டினார்.