ஒன்றரை அடி தள்ளி

இன்று காலை ராயபுரத்தில், பழைய கிடங்கு ஒன்றில் நடக்கும் ஓவியக் கண்காட்சியில் திட்டு வாங்கினேன்!

"தாத்தா! இன்னா, படத்த மோந்து பாக்கறியா? பின்னாடி வா!" என்றார் காவலாளி.

சுவர் முழுக்க ஒரே ஓவியம். உருவம் எதுவும் இல்லை. சாம்பல் நிறம், அடியில் துருச் சிவப்பு. வரைந்தவர் ஓர் இளம்பெண்ணாம். நான் அதிலிருந்து ஒன்றரை அடி தள்ளி நின்றிருந்தேன். (அளக்கவில்லை. அந்தத் தூரம் எனக்கு மனப்பாடம்.)

காரணத்தை எழுதலாமா என்று தெரியவில்லை. மூன்று முறை அழித்துவிட்டேன்.

1950களில் துறைமுகத்தை ஒட்டிய ஒரு சரக்குக் கிடங்கில் குமாஸ்தாவாக இருந்தேன். எந்த மூட்டைக்கு எந்த இடம் என்று அளந்து ஒதுக்குவது என் வேலை.

எத்திராஜ், கப்பல்களில் பெயர் எழுதும் பெயின்டர். கிடங்கு காலியாக இருந்த மாதத்தில் மேனேஜரைக் கேட்டுக்கொண்டு, பின்சுவரில் பெரிய கேன்வாஸ் துணியை அடித்து வரைந்தார். பதினெட்டு அடி அகலம். அதிலும் உருவம் கிடையாது.

மூட்டை தூக்கும் கன்னியப்பன் விடவில்லை.

"இன்னா மாமு இது? கடலா, வானமா?"

"ரெண்டும் இல்ல."

"அப்பால இன்னாத்துக்கு இம்மாம் பெருசு?"

"சின்னதா இருந்தா நீ அத்தப் பாப்ப. இம்மாம் பெருசா இருந்தா நீ அதுக்குள்ள நிப்ப. வாசலாண்ட போய்ப் பாரு."

கன்னியப்பன் சிரித்துக்கொண்டே போனார். திரும்பிப் பார்த்தவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். "பேஜாரா கீதுப்பா" என்றார். ஆனால் அங்கிருந்து நகரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஓர் ஓவிய ஆசிரியர் பார்க்க வருவதாக இருந்தது. அவருக்குப் பிடித்தால் படம் நகரத்துக் கண்காட்சிக்குப் போகும். எத்திராஜ் அதற்காகவே புதுச் சட்டை தைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் புண்ணாக்கு மூட்டைகள் வந்து இறங்கின. எத்திராஜ் அன்று கப்பல் வேலைக்குப் போயிருந்தார்.

பின்சுவரிலிருந்து அடுக்கத் தொடங்குவது கிடங்கு வழக்கம். இந்த ஒருமுறை பக்கச் சுவர்களோரம் அடுக்கி நடுவை விடலாம்தான். மேனேஜரிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும். அவர் அறை வாசல்வரை இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் திரும்பி வந்தேன்.

ஆனாலும் படத்தைக் காப்பாற்றிவிட்டதாகத்தான் நினைத்தேன்! சுவரை ஈரம் தாக்காமல் ஒன்றரை அடி இடைவெளி விடவேண்டும் என்பது விதி. நூல் பிடித்தாற்போல் விட்டேன். ஒரு மூட்டைகூடப் படத்தின் மேல் உரசவில்லை.

ஞாயிறு காலை எத்திராஜும் ஆசிரியரும் ஒன்றாக வந்தார்கள். கூரைவரை மூட்டைகள். "படம் பத்திரமாக இருக்கிறது" என்று நானே பெருமையாக முன்னால் போய் அந்த இடைவெளியைக் காட்டினேன்.

ஆசிரியர் டார்ச்சுடன் பக்கவாட்டில் நுழைந்தார். மூக்கு படத்தில், முதுகு மூட்டையில். மறுமுனைவரை நகர்ந்து, சட்டையெல்லாம் புண்ணாக்குத் தூளோடு வெளியே வந்தார்.

"கலர் நல்லா இருக்கு" என்றார். சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டே போய்விட்டார். அவர் மறுபடி வரவில்லை.

எத்திராஜ் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

"நீ இன்னா பண்ணுவ நைனா? மூட்டைக்குத்தான் உனக்கு எடம் அளக்கத் தெரியும்."

இரண்டு மாதம் கழித்து மூட்டைகள் போனபோது துணி முழுக்கப் பூஞ்சணம். எத்திராஜ் அதைக் கழற்றக்கூட வரவில்லை. கன்னியப்பன்தான் சுருட்டி எடுத்துப் போனார். அந்த இரண்டு மாதமும் கிடங்கின் முன்பாதி காலியாகவே கிடந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

இன்று காவலாளி சொன்னபடி பின்னால் நடந்தேன். எதிர்ச்சுவர் முதுகில் இடிக்கும்வரை நடந்தேன். அப்போதுதான் அந்தச் சாம்பல் நிறம் முழுவதும் என்னைச் சுற்றி வந்து நின்றது.

"இப்ப தெர்தா தாத்தா?"

தெரிந்தது என்று தலையாட்டினேன்.

நண்பர்களே, ஒன்று மட்டும் கேட்கிறேன். அன்று நான் கேட்டிருந்தால் மேனேஜர் இடம் தந்திருப்பாரா? ('விடுங்க சார்' என்று மட்டும் எழுத வேண்டாம்.)