சிங்கங்கள் தலைகீழாக நின்ற இரண்டு ரூபாய்

2025 ஜூலை 14, திங்கட்கிழமை. வழக்கம்போல் கடலூரில் 6.40 பேருந்தைப் பிடித்து, 8.05-க்குச் சிதம்பரத்தில் இறங்கினேன். அலுவலகம் போகும் வழியில் ஜமீலா அக்கா கடையில் நான்கு இட்லி சாப்பிட்டேன்.

அச்சுப் பிழையான நாணயங்களைச் சேகரிப்பவன் நான். யார் சில்லறை கொடுத்தாலும் ஒவ்வொரு காசையும் இரு விரலில் பிடித்துப் பக்கவாட்டில் திருப்பிப் பார்ப்பேன். அன்று அக்கா கொடுத்த இரண்டு ரூபாயைத் திருப்பியதும் கை நின்றுவிட்டது. ஒரு பக்கம் எண் நேராக இருக்க, மறுபக்கம் சிங்கங்கள் தலைகீழாக நின்றன. பதினொரு வருடமாக நான் தேடிய பிழை அது.

அக்கா கரண்டியை வைத்துவிட்டு வந்தார்.

"குடுங்க சார் அத. ஒரு வருஷமா பாக்குறேன், நான் குடுக்குற காச தெனமும் சோதிக்கிறீங்க. செல்லாததை உங்க தலையில கட்டிடுவேன்னு பயமா?"

நாணயத்தை அவர் உள்ளங்கையில் வைத்து, திருப்பிக் காட்டி, என் பழக்கத்தைச் சொன்னேன். இது நல்ல விலைக்குப் போகும் என்பதையும் மறைக்கவில்லை.

"அட, இதானா? இந்த ஆளு நம்மள திருடின்னு நெனக்கிறாருன்னு வூட்ல பொலம்பாத நாளே இல்ல சார்!" என்று சிரித்தார். கண் கலங்கியிருந்தது.

"மன்னிச்சுடுங்க அக்கா" என்றேன்.

"மன்னிச்சாச்சு. ஆனா இந்தக் காசு எனக்கு. நீங்க வேற தேடிக்குங்க" என்று முந்தானையில் முடிந்துகொண்டார்.

எனக்கு வருத்தமே வரவில்லை. இத்தனை வருடமாகக் காசைப் பார்த்த நான், கொடுத்தவர் முகத்தை அன்றுதான் பார்த்திருக்கிறேன்.

மறுநாள் காலை எழுந்ததும் முதல் வேலையாக, காசு பார்க்க நான் வைத்திருந்த இரண்டு உருப்பெருக்கி லென்ஸ்களில் நல்லதை அக்காவுக்காகத் துடைத்துப் பையில் வைத்தேன்.